ஆறாம் வகுப்பில் தொடங்கும் கணக்கு: பெங்களூருத் தமிழ்ப் பிள்ளைகளும் எம்.பி.பி.எஸ். சேர்க்கையும்

நீட் முடிவு வந்த பிறகுதான் பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அந்தக் கேள்வி எழுகிறது: நம் பிள்ளை கர்நாடக மாணவரா, தமிழ்நாட்டு மாணவரா? அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் வீட்டில் இது பெரிய விஷயமாகத் தெரியாது. வேலைக்காக ஒயிட்ஃபீல்டுக்கோ எலெக்ட்ரானிக் சிட்டிக்கோ வந்து சேர்ந்த வீட்டில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நல்ல ரேங்க் வாங்கிய பிள்ளை, இரண்டு மாநிலங்களின் 85 சதவீத இடங்களில் ஒன்றிலும் நுழைய முடியாமல் நிற்பது உண்டு. படிப்பில் குறை இருக்காது. எந்த வகுப்பை எந்த ஊரில் படித்தார் என்பதை யாரும் முன்கூட்டி எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. அதை டெல்லியில் உள்ள எம்.சி.சி. எனப்படும் மருத்துவக் கலந்தாய்வுக் குழு நடத்துகிறது, அதற்கு எந்த மாநிலத்துப் பிள்ளை என்ற கேள்வியே இல்லை. மீதி 85 சதவீதம் மாநிலத்துக்கு. கர்நாடகத்தில் அதைக் கே.இ.ஏ. எனப்படும் கர்நாடகத் தேர்வு ஆணையம் நிரப்புகிறது, அலுவலகம் மல்லேஸ்வரத்தில். தமிழ்நாட்டில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு. இந்த இரண்டு அலுவலகங்களும் "எங்கள் மாணவர்" என்று யாரைச் சொல்கின்றன என்பதில்தான் சிக்கல்.

ஏழு என்ற எண்

கே.இ.ஏ.யின் முதல் தகுதி விதி இது: 1ஆம் வகுப்பு முதல் 12 அல்லது அதற்குச் சமமான இரண்டாம் பி.யூ.சி. வரையிலான காலத்தில், கர்நாடகத்தில் உள்ள அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் குறைந்தது 7 கல்வியாண்டுகள் படித்திருக்க வேண்டும். அதோடு, 10ஆம் வகுப்பையோ 12ஆம் வகுப்பையோ கர்நாடகத்தில் எழுதித் தேறியிருக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே பொருந்த வேண்டும். ஒரே வகுப்பில் இரண்டு ஆண்டு இருந்தால் அது ஓராண்டாகவே கணக்கில் வரும்.

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். 6ஆம் வகுப்புத் தொடக்கத்தில் பெங்களூரு வந்த பிள்ளைக்கு 6, 7, 8, 9, 10, 11, 12 என்று சரியாக 7 ஆண்டு. தகுதி உண்டு. 7ஆம் வகுப்பில் வந்தால் 6 ஆண்டு. இந்த விதியில் இடமில்லை. ஓராண்டு தள்ளி வீடு மாற்றியது கர்நாடக அரசு ஒதுக்கீட்டையே கை நழுவச் செய்துவிடும். 1 முதல் 7 வரை இங்கே படித்துவிட்டு 8இல் சேலத்துக்குப் போய் 12 வரை அங்கேயே முடித்த பிள்ளைக்கு 7 ஆண்டு இருக்கிறது, ஆனால் 10, 12 இரண்டும் வெளியே என்பதால் பொருந்தாது. ஏழு ஆண்டும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். நடுவில் ஓரிரு ஆண்டு ஊரில் படித்திருந்தாலும் மொத்தம் ஏழு வந்தால் போதும்.

வேறு விதிகளும் உண்டு. பெற்றோரில் ஒருவர் கர்நாடகத்தில் 7 ஆண்டு படித்தவராக இருந்து, பிள்ளை 11, 12 இரண்டையும் இங்கே படித்துத் தேறியிருந்தால் தனியாக ஒரு வழி இருக்கிறது. சிறு வயதில் கோலார் தங்கவயலிலோ பெங்களூரிலோ படித்து, பிறகு ஊருக்குப் போய்த் திரும்பி வந்த அம்மாக்கள் பலருக்கு இது தெரிவதில்லை. அவர்களுடைய பழைய பள்ளிச் சான்று பீரோவில் கிடந்தாலே வழி பிறக்கும். இராணுவம், மத்திய அரசுப் பணி போன்றவற்றில் இருப்போர் பிள்ளைகளுக்கும் தனித்தனி விதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்துக் குறியீடு. விண்ணப்பத்தில் தவறான எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் சான்று சரிபார்க்கும் மேசையில் மாட்டிக்கொள்ளும். தகவல் கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து, பெற்றோர் இருவரும் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படியுங்கள்.

தமிழ்நாடும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் எண்ணுகிறது. 6 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்தவருக்கு அந்தப் படிப்புச் சான்றே போதும். இடையில் எந்த வகுப்பை வெளியே படித்திருந்தாலும் நேட்டிவிட்டி சான்றிதழும், பெற்றோர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் என்பதற்கான ஆவணங்களும் வேண்டும்: பெற்றோரின் படிப்புச் சான்று, சாதிச் சான்று, குடும்ப அட்டை போன்றவை. ஆகவே 8ஆம் வகுப்பில் பெங்களூரு வந்த தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே கதவு அடைபட்டாலும் அங்கே ஒரு கதவு இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி அப்பா அம்மாவின் பழைய தாள்கள். ஊரில் இருந்த குடும்ப அட்டையை வீடு மாறும்போது ரத்து செய்துவிட்டு, ஆதார் முகவரியையும் மாற்றியவர்கள், நேட்டிவிட்டி கேட்டு இ-சேவையில் விண்ணப்பித்தால் "இங்கே இல்லையே" என்று கிராம நிர்வாக அலுவலர் திருப்பி அனுப்பக்கூடும். கேட்ட ஆவணங்களோடு நேரில் போய்ப் பேச நாள் வேண்டும். ஜூன் மாதம் முடிவு வந்த பிறகு தொடங்கினால் அந்த நாள் கிடைக்காது. பன்னிரண்டாம் வகுப்பு காலாண்டு விடுமுறையில் தொடங்குங்கள்.

இரண்டு மாநிலத்திலும் "நான் இந்த மாநிலத்தவர்" என்று உரிமை கோரலாமா? கூடாது. வேறு மாநிலத்தில் நேட்டிவிட்டி உரிமை கோரியவர் என்று தெரிந்தால் தமிழ்நாட்டில் சேர்க்கை ரத்தாகும், நடவடிக்கையும் வரும். எது தகுதியோ அதில் ஒன்று. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அங்கே அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவருக்கானது. பெங்களூரு அரசுப் பள்ளியில் படித்ததை அதில் காட்ட முடியாது.

சான்றிதழ்கள்

கர்நாடகத்துக்கான படிப்புச் சான்றில் தலைமை ஆசிரியர் கையெழுத்து மட்டும் போதாது. அந்தப் பகுதியின் பி.இ.ஓ., அதாவது வட்டாரக் கல்வி அலுவலர் மேலொப்பம் இட வேண்டும். பிள்ளை மூன்று பள்ளி மாறியிருந்தால் மூன்று சான்று, ஒருவேளை மூன்று பி.இ.ஓ. அலுவலகம். அவற்றில் ஒரு பள்ளி மூடப்பட்டிருந்தால் அதன் பதிவேடுகள் எங்கே போயின என்று அந்த பி.இ.ஓ. அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டும். பெங்களூரில் சின்னத் தனியார் பள்ளிகள் மூடுவதும் பெயர் மாற்றுவதும் சாதாரணம் என்பதால், 10ஆம் வகுப்பு முடிந்ததுமே பழைய பள்ளிகளின் சான்றுகளை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் உண்மையாகவே மனம் கலங்கிப் போகிறவர்களைப் பார்க்க முடிகிறது. தமிழ்நாட்டில் பி.சி. அல்லது எம்.பி.சி. என்று வாங்கிய சான்று கர்நாடகத்தில் செல்லாது. இங்கே பிரிவுகள் வேறு: முதல் பிரிவு, 2ஏ, 2பி, 3ஏ, 3பி. உங்கள் சமூகம் கர்நாடகப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் நாட கச்சேரி எனப்படும் தாசில்தாரின் கிளை அலுவலகத்தில் விண்ணப்பித்து, சான்றின் அடையாள எண்ணான ஆர்.டி. எண்ணோடு சாதி-வருமானச் சான்று வாங்க வேண்டும். கே.இ.ஏ. விண்ணப்பத்தில் அந்த ஆர்.டி. எண்ணை இட்டதும் பெயரும் பிரிவும் ஒத்துப்போக வேண்டும். எஸ்.சி., எஸ்.டி.யில் சிக்கல் இன்னும் ஆழம். அரசியலமைப்பின் 341, 342ஆம் பிரிவுகளின்படி பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பிழைப்புக்காக வேறு மாநிலம் போனவர் தம் பூர்வீக மாநிலத்துக்கான சலுகையைப் புதிய மாநிலத்தில் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இலேயே தீர்ப்பளித்தது. ஒரே சாதிப் பெயர் இரண்டு பட்டியலிலும் இருந்தாலும் இதுதான் நிலை. எனவே தாத்தா காலத்திலிருந்து இங்கே இருக்கிறோம் என்பதற்கான ஆவணம் அந்தக் குடும்பங்களுக்கு மிக முக்கியம்.

எம்.சி.சி.க்கு வேறு கணக்கு. அங்கே மத்திய ஓ.பி.சி. பட்டியல்தான் செல்லும், கிரீமி லேயருக்கு (வசதி படைத்த அடுக்குக்கு) உட்படாதவர் என்ற சான்று, மத்திய அரசு வடிவத்தில், நடப்பு நிதியாண்டுக்குரியதாக இருக்க வேண்டும். ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியது என்று புரிந்துகொள்ளுங்கள். பிப்ரவரியில் நீட் விண்ணப்பத்துக்காக வாங்கிய சான்றையே ஆகஸ்டில் நீட்டி, ஒதுக்கீட்டு இடம் போனவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் பி.சி. என்று இருக்கும் எல்லாச் சமூகங்களும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு, இனிஷியல். தமிழ் வீடுகளுக்கே உரிய தொல்லை இது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "கார்த்திக் எஸ்", ஆதாரில் "எஸ் கார்த்திக்", பான் அட்டையில் "கார்த்திக் சுப்பிரமணியன்", சாதிச் சான்றில் அப்பா பெயர் வேறு எழுத்துக்கூட்டல். மனிதக் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். கணினிக்கு நாலு ஆள். 10ஆம் வகுப்புப் பட்டியலில் என்ன இருக்கிறதோ அதுவே மூலம். மற்றவை எல்லாம் அதை ஒட்டி மாற வேண்டும். ஆதாரை 11ஆம் வகுப்பிலேயே திருத்தி, அதன் பிறகு நாட கச்சேரிக்குப் போங்கள். வரிசை மாறினால் ஒரு சான்றை இரண்டு முறை வாங்க நேரும்.

விண்ணப்பமும் தேர்வு நாளும்

நீட்டுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். 12இல் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி.க்கு 40. 2025இல் விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓ.பி.சி.க்கு 1,600, எஸ்.சி., எஸ்.டி.க்கு 1,000. வெள்ளைப் பின்னணியில், காது தெரிய எடுத்த புகைப்படம். அதையே பாஸ்போர்ட் அளவில் எட்டும், அஞ்சலட்டை அளவில் ஆறும் அச்சிட்டு வையுங்கள். கலந்தாய்விலும் அதே படம் கேட்பார்கள். மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் பெற்றோருடையதாக, இன்னும் ஓராண்டுக்கு மாறாததாக இருக்கட்டும். கணினி மையத்துக்காரர் தம் எண்ணைப் போட்டுக் கொடுத்தால் ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் போகும்.

வினாத்தாள் தமிழில் வேண்டும் என்றால் தேர்வு நகரம் தமிழ்நாட்டில் இருக்க வேண்டும். பெங்களூரு மையங்களில் ஆங்கிலம், இந்தி, கன்னடம் போன்றவை கிடைக்கும், தமிழ் கிடைக்காது. தமிழ்த் தாளிலும் கேள்வி ஆங்கிலத்தோடு சேர்ந்தே இருக்கும். ஐயம் வந்தால் ஆங்கில வாசகமே இறுதி. 2018இல் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொல்லியும் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே ஆங்கில வரியையும் படிக்கப் பழகியே போக வேண்டும்.

2025 முதல் 180 கேள்வி, 180 நிமிடம், விருப்பக் கேள்விகள் இல்லை. உயிரியல் 90, மற்ற இரண்டும் 45, 45. சரிக்கு 4, தவறுக்கு ஒன்று கழிவு. பி.யூ. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் ஒரு விஷயத்தில் நிம்மதியாக இருக்கலாம்: நீட்டுக்கு அடிப்படையான என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களை ஒட்டியவையே கர்நாடக பி.யூ. அறிவியல் பாடங்களும். பழைய வழிகாட்டி நூல்களை வைத்துப் படிப்பவர்கள் மட்டும் 2024இல் குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, திட நிலை, மேற்பரப்பு வேதியியல் போன்ற நீக்கப்பட்ட பகுதிகளைக் கோடிட்டு ஒதுக்கிவிடுங்கள்.

தேர்வு மதியம் 2 மணிக்கு, வாயில் 1.30க்கு மூடும், அதன் பிறகு யாரையும் விடமாட்டார்கள். ஞாயிறுதானே என்று பெங்களூருப் போக்குவரத்தை நம்ப வேண்டாம். முதல் நாளே மையத்தைப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

மதிப்பெண்ணை வைத்துக் கனவு காணாதீர்கள்

"போன வருஷம் இத்தனை மார்க்குக்குக் கிடைத்தது" என்ற பேச்சு ஒவ்வோர் ஆண்டும் குடும்பங்களைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. 2024இல் முதலில் 67 பேருக்கு 720க்கு 720. திருத்திய பட்டியலில் 17 பேர். அடுத்த ஆண்டு தாள் கடினமாக இருந்தது, முதலிடமே 686. பொதுப் பிரிவுத் தகுதி மதிப்பெண் 162இலிருந்து 144க்கு இறங்கியது. மதிப்பெண்ணை ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. அகில இந்திய ரேங்க்கை மட்டும் ஒப்பிடுங்கள். கே.இ.ஏ. வெளியிடும் கட்-ஆஃப் பட்டியலில் கடைசியாக இடம் கிடைத்த ரேங்க் பிரிவு வாரியாக இருக்கும்: ஜி.எம். என்றால் பொது, 2ஏஜி என்றால் 2ஏ பிரிவின் பொது, கடைசி எழுத்து ஆர் என்றால் ஊரகம், கே என்றால் கன்னட வழி. உங்கள் எழுத்து எது என்று தெரிந்து அந்த நிரலை மட்டும் பாருங்கள். முதல் சுற்று ரேங்க்கையும் கடைசிச் சுற்று ரேங்க்கையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளி சில கல்லூரிகளில் பெரிதாக இருக்கும்.

கே.இ.ஏ. நடத்தும் கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வான சி.இ.டி.யின் விண்ணப்பம் ஆண்டின் தொடக்கத்திலேயே வரும். பொறியியல் வேண்டாம், மருத்துவம் மட்டும்தான் என்றாலும் அப்போதே பதிந்துவிடுங்கள். சான்று சரிபார்ப்பு முன்னதாக முடியும். பிறகு நீட் எண்ணை இணைத்தால் போதும். நீட் எழுதியதாலேயே கே.இ.ஏ.க்குத் தானாகப் பெயர் போய்விடும் என்று நினைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போகாது.

எம்.சி.சி.யில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குத் திரும்ப வராத கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,000 ரூபாய், வைப்புத் தொகை 10,000. ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 500, 5,000. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு 5,000 கட்டணம், 2 இலட்சம் வைப்புத் தொகை. மணிப்பால், மைசூரு ஜே.எஸ்.எஸ்., கோலார் தேவராஜ் அர்ஸ், பெங்களூரு ராஜராஜேஸ்வரி எல்லாம் இந்தப் பட்டியலில்தான் வரும். வைப்புத் தொகை எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதே கணக்குக்குத்தான் திரும்பும். பக்கத்து வீட்டுக்காரர் கார்டில் கட்ட வேண்டாம். முதல் சுற்றில் கிடைத்த இடம் பிடிக்கவில்லை என்றால் இழப்பின்றி வெளியேறலாம். இரண்டாம் சுற்றில் கிடைத்ததைச் சேராமல் விட்டால் வைப்புத் தொகை போகும். மிச்ச இடங்களுக்கான கடைசி ஸ்ட்ரே சுற்றில் கிடைத்துச் சேராவிட்டால் பணத்தோடு அடுத்த ஆண்டு நீட்டும் போகும்.

விருப்பப் பட்டியலில் மிகுதியாக நடக்கும் தவறு ஒன்று. மேலே எழுதிய கல்லூரி அடுத்த சுற்றில் கிடைத்துவிட்டால், கையில் இருந்த பழைய இடம் அந்தக் கணமே வேறொருவருக்குப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. பெயருக்காக மேலே எழுதிய தனியார் இடம் கிடைத்து, கட்டணம் கட்ட முடியாமல், ஏற்கெனவே கிடைத்த அரசு இடத்தையும் இழந்து நிற்பது எவ்வளவு பெரிய துயரம். கே.இ.ஏ.யில் முதல் தெரிவு "இதுவே போதும், சேர்கிறேன்". இரண்டாம் தெரிவு "இதைப் பிடித்துக்கொண்டு மேலே இருப்பதற்குக் காத்திருக்கிறேன்". இரண்டாம் தெரிவை அழுத்தும் முன், மேலே மிச்சம் இருக்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் முழுக் கட்டணத்தை எதிரே எழுதி, ஐந்தரை ஆண்டுச் செலவைக் கூட்டிப் பாருங்கள். கட்ட முடியாததை நீக்கிவிடுங்கள். ஒரே கல்லூரியில் அரசு இடம், தனியார் இடம், என்.ஆர்.ஐ. இடம், பிற இடம் என்று நான்கு விலை இருக்கும். ஜி, பி, என், க்யூ என்ற எழுத்தைக் கவனிக்காமல் கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் விலையில் ஏமாந்துபோவீர்கள். நிகர்நிலைகளில் பல இடங்களில் ஆண்டுக் கட்டணமே 15 இலட்சத்துக்கு மேல்.

பீன்யா தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றைத் தவறவிடக் கூடாது. ராஜாஜிநகர் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி உட்பட இ.எஸ்.ஐ. கல்லூரிகளில் காப்பீடு பெற்ற தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, எம்.சி.சி. வழியாகவே நிரப்பப்படுகிறது. தொழிலாளியின் பிள்ளை என்ற சான்றை இ.எஸ்.ஐ. தளத்தில் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கு நாள் குறைவு. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறவர்கள் நீட் எழுதும் முன்பே காப்பீட்டு எண்ணில் பிள்ளை பெயர் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தரகர்கள் முடிவு வந்த அன்றே அழைக்கத் தொடங்குவார்கள். மேனேஜ்மென்ட் இடமானாலும், என்.ஆர்.ஐ. இடமானாலும், நிகர்நிலையானாலும் கலந்தாய்வு வழியாக ஒதுக்கப்படாத எம்.பி.பி.எஸ். சேர்க்கை செல்லாது. முன்பணம் கேட்பவரிடம் விற்க இடமே இல்லை.

இடம் கிடைத்த பிறகு சேர்வதற்கு நாலைந்து நாள்தான் இருக்கும். ஒரு கோப்பில் இந்த வரிசையில் அடுக்குங்கள்: ஒதுக்கீட்டு ஆணை, நீட் நுழைவுச் சீட்டு, மதிப்பெண் அட்டை, 10, 12 பட்டியல்கள், மாற்றுச் சான்று, நடத்தைச் சான்று, படிப்புச் சான்றுகள், சாதி-வருமானச் சான்று, ஆதார், மருத்துவத் தகுதிச் சான்று, புகைப்படங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல். அசலைக் கல்லூரியில் ஒப்படைக்கும்போது எந்தெந்தத் தாள் கொடுத்தோம் என்று முத்திரையோடு பட்டியல் எழுதி வாங்குங்கள். அடுத்த சுற்றில் வேறு கல்லூரி கிடைத்து அசல்களைத் திரும்பக் கேட்க வேண்டிய நாளில் அந்த ஒரு தாள் கையில் இருக்க வேண்டும்.